ஆத்தோடு மூன்று நாள்: அப்பாவும் மகனும் சேர்ந்து போக ஒரு பயணத் திட்டம்



நம்ம கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு ஒன்று உண்டு. "நமக்கு அப்புறம் இந்தக் காட்டை யாருங்க பார்ப்பாங்க?" கேட்பவர்களுக்கெல்லாம் வயது ஐம்பதுக்கு மேல். பசங்க யாரும் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். எங்கள் வட்டாரக் குழுவில் போன வருடம் ஒருத்தர் இதற்கு எதிர்க்கேள்வி கேட்டார்: "ஏனுங்க, இதைப் பையங்கிட்டயே கேட்டா என்ன?" கேட்கலாம்தான். ஆனால் மகனோடு உட்கார்ந்து பேசுகிற பழக்கம் எங்களில் பாதிப் பேருக்கு இல்லை. "சாப்டியா", "ஃபீஸ் எப்போ கட்டணும்", "மோட்டாரை நிறுத்திட்டு வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதனால் அப்பாக்களும் மகன்களுமாக மூன்று நாள் சேர்ந்து போய் வருவது என்று முடிவு செய்தோம். எப்படித் திட்டமிட்டோம், எது சரியாக வந்தது, எதில் தவறினோம் என்று எழுதுகிறேன். மற்ற மாவட்ட நண்பர்களும் செய்து பார்க்கலாம்.

எங்கே போவது?

முதலில் ஊட்டி என்றார்கள், அப்புறம் கொடைக்கானல். பசங்களுக்கு அது பிடிக்கும்தான். ஆனால் அங்கே போனால் அப்பாக்கள் ஒரு பெஞ்சில் உட்காருவார்கள், பசங்க செல்போனோடு வேறு பக்கம் போய்விடுவார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருக்கிற இடமாகத் தேடினோம். கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம் எங்களுடையது. அரக்கன்கோட்டை வாய்க்காலையும் சேர்த்தால் சுமார் 24,500 ஏக்கர் நிலம் இந்த அணையை நம்பி இருக்கிறது. 'நம்ம வாய்க்கால்ல மிஞ்சுற தண்ணி எங்க போகுது?' என்று கேட்டால் பவானிக்கு, அங்கிருந்து காவிரிக்கு, அப்புறம் கடலுக்கு என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். ஆனால் அந்தத் தண்ணீரோடு கடல் வரைக்கும் போனவர் எங்களில் ஒருத்தர்கூட இல்லை.

அதையே பயணமாக்கினோம். கொடிவேரியில் தொடங்கிப் பூம்புகாரில் முடிப்பது. போக ஏறக்குறைய 350 கிலோமீட்டர். உங்கள் பகுதியிலும் இப்படி ஒன்று இருக்கும். தாமிரபரணிக்காரர்கள் பாபநாசத்திலிருந்து புன்னக்காயல் வரை போகலாம். வைகைக்காரர்கள் ஆறு எங்கே வற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஏரிப் பாசன ஊர்க்காரர்களுக்கு மேல் ஏரி, கீழ் ஏரி என்று சங்கிலியாக நடந்தே போய்விட முடியும். தூரம் முக்கியமில்லை. அப்பாவுக்கும் பதில் தெரியாத இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இல்லாவிட்டால் அப்பா வாத்தியாராகிவிடுவார்.

எப்போது போவது?

மூன்றும் ஒத்துவர வேண்டும்: பசங்களுக்கு லீவு, வயலில் வேலைக் குறைவு, ஆற்றில் தண்ணீர். கோடை விடுமுறையில் காவிரி மணலாகக் கிடக்கும். தை மாதம் அறுவடை. கடைசியில் காலாண்டுத் தேர்வு விடுமுறைதான் சரியாக அமைந்தது. புரட்டாசியில் எங்கள் பக்கம் களை எடுப்பு முடிந்து, அறுப்புக்குச் சில நாள் இருக்கும். டெல்டாவில் ஒரு பக்கம் குறுவை அறுப்பு, ஒரு பக்கம் சம்பா நடவு என்று இரண்டையும் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையும் அநேகமாகத் தொடங்கியிருக்காது.

எத்தனை பேர்?

24 பேர் போனோம். பத்து அப்பாக்கள், அவர்களுடைய மகன்கள் பதினோரு பேர் (ஒருவருக்கு இரண்டு பையன்கள்). ஒரு தாத்தா, மகனோடும் பேரனோடும் வந்தார். மீதி இரண்டு பேர் ஒரு தாய்மாமனும் மருமகனும். அந்தப் பையனுக்கு அப்பா இல்லை. 'அப்பா-மகன் பயணம்' என்று நோட்டீஸ் போட்டதைப் பார்த்து அந்தப் பையன் பேசாமல் போனதை அவன் அம்மா வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. நீங்கள் அறிவிக்கும்போதே 'அப்பா, தாத்தா, மாமா, சித்தப்பா யாரோடும் வரலாம்' என்று சேர்த்துவிடுங்கள்.

பசங்க வயது 12 முதல் 20 வரை. 12க்குக் கீழே வேண்டாம், அப்பாவுக்குப் பையனைப் பிடித்துக்கொண்டு ஓடுவதே வேலையாகிவிடும். 25 பேருக்கு மேலும் வேண்டாம். இரண்டு வண்டி ஆனால் பெரியவங்க வண்டி, சின்னவங்க வண்டி என்று தானாகவே பிரிந்துவிடும்.

மாட்டை யார் பார்ப்பது?

உழவன் வீட்டில் முதல் கேள்வியே இதுதான். நாங்கள் இதில் தவறினோம். 'வீட்டுல பாத்துக்குவாங்க' என்று கிளம்பிவிட்டோம். திரும்பி வந்ததும் வீட்டம்மாக்கள் கேட்டார்கள்: "நீங்க ஆத்தைப் பாக்கப் போனீங்க. மூணு நாளும் பால் கறந்தது, தண்ணி கட்டுனது, சாணி அள்ளுனது யாருங்க? பொண்ணுப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?" எங்களிடம் பதில் இல்லை. அம்மாக்களும் மகள்களும் போகிற பயணத்துக்கு இப்போது நாள் குறித்திருக்கிறோம். அந்த மூன்று நாளும் கறவை, சமையல் எல்லாம் எங்கள் பொறுப்பு. நீங்கள் இரண்டு பயணத்தையும் ஒரே நாளில் அறிவித்துவிட்டுத் தொடங்குங்கள்.

செலவு

வண்டி வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, சுங்கம் எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய். தங்க இடம் 3,000. அரிசி, பருப்பு, நாட்டுச் சர்க்கரை, கடலை எண்ணெய் எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வந்தது. காய்கறி, பால், கேஸ், இதரச் செலவு 4,800. மொத்தம் 37,800. தலைக்கு 1,600 வீதம் 38,400 வசூலித்தோம். மீதி 600 ரூபாயில் பூம்புகாரில் எல்லோரும் இளநீர் குடித்தோம். வரவு செலவு எழுதும் வேலையைப் பெரியவர்களிடம் தராமல், பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தோம். பைசா விடாமல் எழுதினான்.

சமையல் நாங்களே. ஒரு வேளைக்கு நான்கு பேர் குழு. அப்பாவும் அவர் மகனும் ஒரே குழுவில் வராதபடி பிரித்தோம். இது நல்ல பலன் தந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே அடுத்தவர் அப்பாவிடம் பசங்க பேசுகிற பேச்சு, சொந்த அப்பாவிடம் ஒரு வருடத்தில் பேசாத பேச்சு.

பாதை

முதல் நாள்: விடியற்காலையில் கொடிவேரி. அங்கிருந்து பவானி கூடுதுறை. காவிரியோடு பவானி சேரும் இடம். பக்கத்திலேயே காலிங்கராயன் அணை. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இன்றும் சுமார் 90 கிலோமீட்டர் ஓடிப் பாசனம் தருகிறது. பழசாகி நிற்கிற சின்னம் இல்லை, வேலை செய்கிற அணை. அப்புறம் கொடுமுடி வழியாக நொய்யல் காவிரியில் கலக்கும் இடம். இங்கே கட்டாயம் வண்டியை நிறுத்துங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் ஆறு, திருப்பூரைத் தாண்டி என்ன ஆனது என்று பசங்களுக்குத் தெரிய வேண்டும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, கீழே இருந்த நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. எந்த விவசாயிக்காகக் கட்டினார்களோ அவனே 'தண்ணியைத் திறக்காதே' என்று போராட வேண்டி வந்தது. இதைக் கேட்டதும் ஒரு பையன், "எங்க மாமா சாயப்பட்டறையிலதாங்க வேலை பாக்குறாரு" என்றான். உடனே உபதேசம் செய்யாமல் அவனைப் பேசவிட்டோம். பட்டறை மூடினால் வேலை போகும், திறந்தால் தண்ணீர் கெடும். இந்தச் சிக்கலை அவன்தான் எங்களைவிடத் தெளிவாகச் சொன்னான்.

மாயனூர் கதவணையைப் பார்த்துவிட்டு, ஆற்றை விட்டு விலகிக் கடவூர் போனோம். நம்மாழ்வார் ஐயா உருவாக்கிய வானகம் அங்கே சுருமான்பட்டியில் இருக்கிறது. சுற்றிலும் மலை, நடுவே வறண்ட பூமி. வாய்க்கால் தண்ணீரிலேயே வளர்ந்த எங்கள் பசங்களுக்கு, மழைநீரை மட்டும் நம்பி மண்ணை எழுப்புவது என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. 2013 டிசம்பர் 30ஆம் தேதி ஐயா மறைந்தது அத்திவெட்டியில், டெல்டாவில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த நாட்களில். அவரை விதைத்த இடம் வானகம். முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இரண்டாம் நாள்: முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய மேலணை இது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இதன் கொள்ளிடப் பக்க மதகுகள் சில உடைந்து போனதைப் பெரியவர்கள் நினைவுபடுத்தினார்கள். அப்புறம் கல்லணை. கரிகாலன் கட்டியதாக நாம் போற்றும் அணை. இங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிறது. எங்கள் ஊரில் மடை திறப்பதற்கே அண்ணன் தம்பி சண்டை. நாலு பக்கமும் பங்கு பிரிக்கிற இடத்தை அப்பாக்கள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். திருவையாறு வழியாகப் போய், டெல்டா நண்பர் ஒருவருடைய சம்பா வயலில் நடவு பார்த்தோம். இரவு மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் தங்கினோம்.

மூன்றாம் நாள்: மேலையூர் கடையணை, அப்புறம் பூம்புகார் கடற்கரை. கடையணையைத் தாண்டினால் காவிரி ஒரு வாய்க்கால் அகலம்தான். 'அகண்ட காவிரி' என்று திருச்சியில் பார்த்த பசங்க, "இவ்வளவுதானா?" என்றார்கள். தாத்தா சொன்னார்: "வர்ற வழியெல்லாம் குடுத்துட்டு வருதில்ல கண்ணு. கடைசீல இவ்வளவு மிஞ்சுனதே பெருசு."

நாங்கள் வைத்த விதிகள்

1. சாராயம் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு அப்பா குடித்தால், அவர் மகன் மூன்று நாளும் தலை குனிந்தே இருப்பான்.

2. உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறை தவிர வேறெங்கும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கல்லணையிலும் கொள்ளிடத்திலும் சுழல் உண்டு. பூம்புகார்க் கடலில் கால் நனைப்பதோடு சரி.

3. செல்போன் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும். அப்பாக்களுக்கும் அதேதான். பசங்களைவிட நாங்கள்தான் இதில் அதிகம் மாட்டினோம்.

4. யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. முதல் நாள் கூடுதுறையில் ஒரு நண்பர் பசுமைப் புரட்சி வரலாற்றை முக்கால் மணி நேரம் சொன்னார். பாதிப் பையன்கள் வண்டியில் ஏறித் தூங்கிவிட்டார்கள். அதன் பிறகு வந்த விதி இது.

5. மார்க் பேச்சு கூடாது. முதலில் 'உங்க மகனை அறிமுகப்படுத்துங்க' என்றபோது எல்லா அப்பாக்களும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் சொன்னார்கள். பிறகு மாற்றிக்கொண்டோம். மகனுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலையை அப்பா சொல்ல வேண்டும். அப்பாவின் நிலத்தில் தனக்குப் பிடித்த ஒரு இடத்தை மகன் சொல்ல வேண்டும். மகன்கள் உடனே சொல்லிவிட்டார்கள்: கிணற்று மேட்டுப் புளியமரம், வாய்க்கால் மதகு, கோழிக்கூண்டுப் பக்கம். அப்பாக்கள்தான் யோசித்துக்கொண்டு நின்றோம்.

நடைப் பேச்சு

இரண்டு வேளை நடை வைத்தோம். கல்லணைக் கரையில் ஒரு மணி நேரம், கடவூரில் விடியற்காலை ஒரு மணி நேரம். ஒவ்வொரு பையனும் வேறொருவர் அப்பாவோடு நடக்க வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, பக்கத்தில் நடந்தால் வருகிறது. 'கேட்டதை அந்தப் பையனுடைய அப்பாவிடம் சொல்லலாமா' என்று பையனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லணையில் அவனோடு நடந்த நண்பர், ராத்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி ஒண்ணு கேட்டானுங்க. சொல்லலாம்னு சொன்னான். 'எங்கப்பா மேடைக்கு மேடை இளைஞர்கள் விவசாயத்துக்கு வரணும்னு பேசுறாரு. நான் வயல்ல இறங்கினா, உனக்கு எதுக்கு இது, போய்ப் படிங்கிறாரு. இதுல எதுங்க நெசம்?'னு கேக்குறான்."

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இரண்டுமே நெசம். இயற்கை வழிக்கு மாறிய முதல் மூன்று வருடம் விளைச்சல் விழுந்தது. அப்போது வாங்கிய நகைக்கடன் வட்டியோடு இன்னும் இருக்கிறது. மேடையில் மண்புழுவைப் பற்றிப் பேசினேனே தவிர, இதைப் பேசியதில்லை. வீட்டில் மகனிடமும் பேசியதில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா தன்னை வயலிலிருந்து விரட்டுகிறார் என்பது மட்டும்.

கணக்கு நோட்டு

அதனால் மூன்றாம் நாள் பூம்புகாரில், திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்தோம். ஒவ்வொரு அப்பாவும் தன் மகனோடு தனியாக உட்கார்ந்து, போன போகத்தின் கணக்கை உள்ளபடி சொல்வது. நான் என் மகனிடம் எழுதிக் காட்டியது இது. ஒரு ஏக்கர் தூயமல்லி. உழவு, நாற்று, நடவு, களை, அறுப்பு, அரவை எல்லாம் சேர்த்துச் செலவு 34,000. நெல் 1,300 கிலோ. அரிசியாக 780 கிலோ. கிலோ 75 ரூபாய் வீதம் விற்றது 58,500. கையில் நின்றது 24,500. நாலரை மாத உழைப்பு. எங்கள் வீட்டு ஆட்கூலியை இதில் சேர்க்கவில்லை. கடன் பாக்கி 1,80,000.

அவன் ரொம்ப நேரம் நோட்டையே பார்த்தான். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அப்பா. நான் வந்தா சுமைன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றான். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெல்லாக விற்றால் எவ்வளவு, அரிசியாக விற்றால் எவ்வளவு, அவலாக விற்றால் எவ்வளவு என்று கரூர் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான்.

இதை நடத்தும்போது ஒரு எச்சரிக்கை. எல்லா அப்பாக்களாலும் கடனைச் சொல்ல முடியாது. இரண்டு பேர் சொல்லவில்லை. கட்டாயப்படுத்த வேண்டாம். பொதுவில் சொல்லவும் வேண்டாம். சின்னப் பையனாக இருந்தால் வரவு செலவு மட்டும் போதும். கடன் பாரத்தை அவன் தலையில் வைக்கக் கூடாது.

என்ன மாறியது?

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு பையன்களும் விவசாயத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிடவில்லை. மூன்று பேர் தெளிவாக 'வரமாட்டோம்' என்றார்கள். அதைச் சொல்லவும் ஒரு இடம் கிடைத்ததே என்று அந்த அப்பாக்களில் ஒருத்தர் சொன்னார். ஒரு பையன் மாதாந்தரக் கூட்டத்துக்கு வருகிறான், கணக்கு எழுதுகிறான். என் மகன் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறான். வாய்க்கால் ஓரம் இருபது சென்ட் அவனுக்கென்று விட்டிருக்கிறேன். என்ன போடுவது, எவ்வளவுக்கு விற்பது என்பது அவன் முடிவு. கீரை போட்டான். முதல் பாத்தி மழையில் அழுகிப் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் ரொம்பச் சிரமப்பட்டேன்.

இப்போது கூட்டத்தில் பேசும்போது இளைஞர்கள் வர வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. முதல் மூன்று வருடம் என்ன ஆகும் என்பதையும், என் கடன் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் ஊரில் இப்படிப் போய்வந்தால் அனுபவத்தை இதழுக்கு எழுதுங்கள். எதில் தவறினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.